பார்ஜ் ஜெட்டியில் ரப்பர் ஃபெண்டர்கள் ஏன் சீக்கிரம் கிழிகின்றன, எப்படிக் காப்பாற்றுவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: கிழக்குக் கரையில் ஒரு தனியார் ஜெட்டி (படகுத் துறை), நிலக்கரி பார்ஜுகள் (தட்டையான சரக்குப் படகுகள்) ராப்பகலாக வந்து அணைகின்றன, அவை மோதும் அடியை வாங்க ஜெட்டி முகப்பில் மாட்டிய ஆர்ச் வகை (வளைவு வடிவ) ரப்பர் ஃபெண்டர்கள் இரண்டு வருடம்கூடத் தாங்காமல் கிழிகின்றன. ஒரு சப்ளையர் மேலே பாலியூரிதேன் பூசித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ஒரு சைஸ் பெரிதாகப் போடச் சொல்கிறார். எதற்குப் பணம் கட்டலாம்? எதைப் பூசுவது, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, ஃபெண்டரைக் கிழிப்பது எது என்பது. அது தெரியாமல் எதைச் செய்தாலும் இன்னொரு இரண்டு வருடம் கழித்து இதே கேள்வியோடு வருவீர்கள். நான் துறைமுகப் பராமரிப்பில் இருப்பவன். மொத்தச் சரக்குக் கப்பல்கள் வந்து கட்டும் பெர்த்துகளும், கப்பலையும் பார்ஜையும் இழுத்துத் தள்ளும் டக் போட்டுகளும்தான் எனக்குப் பழக்கம். ஃபெண்டர் வடிவமைப்பவன் இல்லை, உங்கள் ஜெட்டியை நேரில் பார்த்ததும் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

ரப்பர் ஃபெண்டர் அமுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. புது டிசைனைச் சோதிக்கும்போது முழு அளவுக்கு 3,000 தடவை அமுக்கிப் பார்ப்பார்கள், விரிசல் வரக்கூடாது. கோன் (கூம்பு வடிவ) ஃபெண்டர் தன் உயரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் வரை அமுங்கி, திரும்ப எழுந்து நிற்கும். ஆர்ச் பாதியளவு அமுங்கும். நேராக வந்து நேராக அழுத்திவிட்டுப் போகும் பார்ஜ் ஃபெண்டரை அவ்வளவு சுலபமாகக் கிழிக்காது. கிழிப்பது உரசல். இரும்புத் தகடு ரப்பர்மேல் அழுந்திக்கொண்டே நகரும்போது உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் விசையில் எத்தனை பங்கு பக்கவாட்டு இழுப்பாகிறது என்ற எண், 0.5-க்குக் குறையாது, காய்ந்த ரப்பரில் 1 வரைகூடப் போகும். ஃபெண்டர் 30 டன் எதிர்விசை கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பார்ஜ் ஒரு அடி நகர்ந்தால், குறைந்தது 15 டன் விசை ரப்பரைப் பக்கவாட்டில் பிடித்து இழுக்கிறது. அதே இடத்தில் யூஎச்எம்டபிள்யூ பாலிஎத்திலீன் பேட் (வழுக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பலகை) இருந்தால் கெழு 0.2 அல்லது அதற்கும் கீழே, அதாவது 6 டன்னுக்குள். உங்கள் பிரச்சினையில் பெரும்பங்கு இந்த 15-க்கும் 6-க்கும் இடையில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நினைப்பதோடு விடாமல் உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரு சின்னப் படகை எடுத்துக்கொண்டு, நீர் வற்றிய நேரத்தில் கடல் பக்கமிருந்து ஒவ்வொரு ஃபெண்டரையும் பாருங்கள். ஜெட்டிமேல் நின்று குனிந்து பார்த்தால் காயத்தில் பாதி தெரியாது. உரசல் கோடுகள் படுக்கையாக ஓடினால், கிரேனுக்கு நேராகக் கொண்டுவர பார்ஜை முன்னும் பின்னும் இழுக்கிறீர்கள், அல்லது கட்டுக்கயிறு தொய்ந்து அதுவே நகர்கிறது. கோடுகள் மேலும் கீழுமாக இருந்தால் அலையோ சரக்கு இறக்கமோ காரணம். ஆர்ச்சின் கால் வளைந்து, சுவரில் போல்ட் போடும் அடிப்பட்டையில் சேரும் மடிப்பில் கிழிந்திருந்தால் அது அளவுக்கு மீறிய அமுக்கம், அல்லது பக்கவாட்டு இழுப்பு, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தது. கத்தியால் அறுத்ததுபோல ஒரே ஒரு சுத்தமான வெட்டு என்றால் குற்றவாளி பார்ஜில் இருக்கிறது. மேற்புறம் முழுக்க மயிரிழை விரிசல்கள், ஆனால் நகத்தால் கீறினால் ஆழம் இல்லை என்றால் அது வெயிலும் ஓசோனும் செய்த வேலை. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து ஃபெண்டரைக் கழற்றிப் போட வேண்டாம்.

மேலும் கீழுமான கோடுகளைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், பார்ஜ் ஜெட்டிகளில் அதிகம் தப்பிப்போவது இதுதான். தூத்துக்குடிப் பக்கமெல்லாம் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். பாவ்நகர் மாதிரி 10 மீட்டரை ஒட்டி ஏறி இறங்குகிற ஊர் இல்லை. அதனால் நம் பக்கத்து ஜெட்டிகளில் உயரக் கணக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 60 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் உள்ள பெட்டி வடிவ பார்ஜில் 2,000 டன் இறக்கினால் அது 2 மீட்டருக்கு மேல் எழும்பும். ஓதம் செய்யாததைச் சரக்கு செய்கிறது. நிறைபாரமாக வரும்போது பார்ஜின் ஓரப் பட்டை (பக்கத்தில் நீளவாக்கில் துருத்தி நிற்கும் விளிம்பு) ஃபெண்டரின் அடிநுனிக்குக் கீழே போய் நிற்கும். சரக்கு குறையக் குறைய அந்தப் பட்டை மேலே ஏறி, நுனியில் மாட்டி, முழு பார்ஜின் மிதப்பு விசையோடு அதைத் தூக்கும். ஆர்ச் ஃபெண்டராக இருந்தால் கீழ்நுனி உரிந்து வரும். முகத்தில் இரும்புப் பேனல் (தட்டையான பலகை) உள்ள ஃபெண்டராக இருந்தால் பேனலே மேல்நோக்கிப் புரளும். உங்கள் ஃபெண்டர்களின் கீழ் மூன்றில் ஒரு பங்குதான் அதிகம் சிதைந்திருக்கிறது என்றால், வேறெதையும் யோசிக்காமல் இதை முதலில் பாருங்கள். ஃபெண்டரை இன்னும் கீழே வரை நீட்டுவது, அடிநுனியைச் சரிவாக வைப்பது, பேனலின் மேல் கீழ் விளிம்புகளை உள்பக்கமாக மடக்கி விடுவது, இவைதான் மருந்து. இது ஃபெண்டர் வாங்கும்போதே வரைபடத்தில் பார்க்க வேண்டிய விஷயம். நிறைபாரத்திலும் வெறுமையிலும் ஓரப் பட்டை எந்த உயரத்தில் நிற்கும் என்று இரண்டு கோடு போட்டுப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

அடுத்தது பார்ஜ். ஃபெண்டரைப் பாதுகாக்க இருக்கிற வழிகளிலேயே மலிவானது ஒரு கிரைண்டரும் ஒரு வெல்டரும். பழைய பார்ஜுகளின் பக்கத் தகட்டில் ஒட்டுப்போட்ட இடங்களில் வெல்டிங் மேடு இருக்கும், ஓரப் பட்டை பாதி பிய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எப்போதோ கழற்றிய டயர் கொக்கியின் அடிக்கட்டை அப்படியே நிற்கும். இவற்றில் ஒன்று ஒரே நாளில் நாலு ஃபெண்டரை அறுத்துவிட்டுப் போகும், அந்த பார்ஜ் மறுபடி வரும்வரை யாருக்கும் காரணம் புரியாது. பார்ஜின் பக்கத்தில் தொங்கும் லாரி டயர்களையும் கவனியுங்கள். டயரும் உங்கள் ஃபெண்டரும் உரசும்போது ரப்பரோடு ரப்பர், வழுக்கவே வழுக்காது. போதாததற்கு இப்போதைய ரேடியல் டயர்களில் உள்ளே கம்பி வலை இருக்கிறது. தேய்ந்தபின் கம்பி முனைகள் வெளியே வந்து சீப்புபோல நிற்கும். ஜெட்டியில் ஃபெண்டர் உள்ள இடத்தில் பார்ஜில் டயர் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மீனவர் விசைப்படகுகளில் டயர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அங்கே எடை வேறு, எதிரே இருப்பதும் வெறும் கான்கிரீட்.

இனி பேட். பார்ஜ் தொடும் தலை வெறும் ரப்பராக உள்ள ஆர்ச் ஃபெண்டரில் துளை போட்டுப் பேட்டை மாட்ட முடியாது. அப்படிச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், துளையிலிருந்துதான் அடுத்த கிழிசல் தொடங்கும். தலைக்குள்ளேயே இரும்புத் தகடு பதித்து வார்த்த ஆர்ச் தனியாகக் கிடைக்கிறது, அதில்தான் பேட்டைப் போல்ட் போட்டு மாட்டலாம். அடுத்த முறை மாற்றும்போது அந்த வகைக்குப் போங்கள். உங்கள் பணத்துக்கு அதுதான் சரியான செலவு என்பது என் கணிப்பு. பேட்டின் தடிமன் பொதுவாக 30 முதல் 40 மி.மீ. இருக்கும், போல்ட் தலை அதற்குள் குழிந்து உட்கார்ந்திருக்கும். தேய்ந்து தேய்ந்து போல்ட் தலை மேலே எட்டிப் பார்க்கும் நாளில் பேட் கத்தியாக மாறிவிடுகிறது, பார்ஜ்காரர் உங்கள்மேல் கோபப்படுவார். போல்ட் தலைக்குமேல் 5 மி.மீ. மிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடுவது நான் வைத்திருக்கும் வழக்கம். இது எந்தத் தரக்குறிப்பிலும் உள்ள எண் இல்லை. தடிமனை நடுவில் மட்டும் அளக்காதீர்கள், மூலைகள்தான் முதலில் தேயும்.

பேட் வாங்குவதில் ஏமாற்று நிறைய. யூஎச்எம்டபிள்யூ என்ற பெயரில் சாதாரண எச்டிபிஇ (மலிவான பாலிஎத்திலீன்) தகட்டைத் தருவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டும் வழவழப்பு, இரண்டும் தண்ணீரில் மிதக்கும். ஆனால் தேய்மானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மணல் கலந்த நீரில் சுழற்றித் தேய்மானம் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, அதன் சான்றிதழைக் கேளுங்கள். மறுசுழற்சி செய்த சரக்கா, புதுச் சரக்கா என்றும் எழுத்தில் வாங்குங்கள். வெயில் தாங்கும் சேர்மானம் கலந்திருக்க வேண்டும். கறுப்பில் அது பெரும்பாலும் கார்பன் கறுப்பாகவே இருக்கும், மஞ்சள் நீலம் கேட்டால் தனியாக விசாரிக்க வேண்டும். அப்புறம், பாலிஎத்திலீன் வெயிலில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். பெரிய தகடுகளை இடைவெளி விடாமல் அடித்துவிட்டால் சித்திரை மாதம் வளைந்து நிற்கும், போல்ட்டுகள் அறுந்துபோகும். சின்னச் சின்னப் பலகைகளாக, நடுவில் இடம்விட்டு மாட்டுவது நல்லது.

பேனல் உள்ள கோன், செல் (உருளை வடிவ) ஃபெண்டர்களில் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சங்கிலிகள். எடைச் சங்கிலி பேனலின் பாரத்தைத் தாங்குகிறது, ஷியர் செயின் பார்ஜ் நகரும்போது பேனல் பக்கவாட்டில் போகாமல் பிடிக்கிறது, டென்ஷன் செயின் ஒரு பக்கம் அமுங்கும்போது மறுபக்கம் வெளியே பிதுங்காமல் பார்த்துக்கொள்கிறது. இவற்றில் ஒன்று அறுந்தால் அதன் வேலையை ரப்பர் செய்யத் தொடங்கும். அறுந்தது தெரியும், மாற்றிவிடுவோம். தொய்ந்தது கண்ணில் படாது. ஆபத்து அங்கேதான். ஒவ்வொரு கண்ணியும் உள்பக்கம் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் துத்தநாகப் பூச்சு முதலில் போய்விடும். அங்கே துரு, துருவை உரசல் எடுக்கும், மறுபடி துரு. வெளியே பார்த்தால் சங்கிலி பளபளவென்று இருக்கும். கண்ணியைப் பிரித்து அந்த வளைவில் காலிப்பரை வைத்து அளங்கள். விட்டம் 10 சதவீதம் குறைந்திருந்தால் நான் மாற்றிவிடுவேன். ஷாக்கிளில் (சங்கிலியை மாட்டும் யு வடிவக் கொளுவி) அதன் ஆணி கழன்றுவிடாமல் பிடிக்கும் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு சின்னக் கம்பித் துண்டு போனதால் முழு பேனல் கடலுக்குள் போன கதைகள் எல்லாத் துறைமுகத்திலும் உண்டு.

இதில் நல்லெண்ணத்தோடு நடக்கும் ஒரு தவறு இருக்கிறது. அடிக்கடி அறுகிற ஷாக்கிளைப் பார்த்து, "இது பத்தவில்லை, ஒரு நம்பர் பெரிதாகப் போடு" என்று ஸ்டோரிலிருந்து எடுத்து மாட்டுவார்கள். பல அமைப்புகளில் அந்த ஷாக்கிளோ ஒரு கண்ணியோ வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்பட்டிருக்கும், வீட்டு ஃபியூஸ் மாதிரி. அதைத் தடிமனாக்கினால் அடுத்த இடியில் கான்கிரீட்டில் பதித்த கொக்கி பிய்ந்து வரும். சில நூறு ரூபாய் ஷாக்கிளுக்குப் பதிலாக ஜெட்டி முகப்பையே உடைத்துக் கட்ட வேண்டும். வரைபடத்தைப் பார்க்காமல் சங்கிலி அமைப்பில் எதையும் பெரிதாக்க வேண்டாம்.

போல்ட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. புது ஃபெண்டரின் அடிப்பட்டை ரப்பர் கொஞ்சம் அமுங்கி உட்காரும், அதனால் சில வாரங்கள் கழித்து ஒருமுறை திரும்ப முறுக்க வேண்டும். வெறி கொண்டு முறுக்கினால் ரப்பர் பிதுங்கிக் கிழியும். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும் பழக்கமுள்ளவை, மரைகளில் ஆன்டி-சீஸ் (பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவாமல் மாட்டினால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சாதாரண இரும்புப் பேனலில் போட்டால் பெயின்ட் விட்ட இடத்தில் பேனல் வேகமாக அரிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரிய சைஸ் யோசனைக்கு வருகிறேன். மோதல் ஆற்றல் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். 3,000 டன் மொத்த எடையுள்ள பார்ஜ் நொடிக்கு 15 செ.மீ. வேகத்தில் வந்தால் ஏறக்குறைய 34 கிலோஜூல். நொடிக்கு 30 செ.மீ. என்றால் 135. நீரின் கூடுதல் நிறை, மோதும் கோணம் போன்ற கெழுக்கள் இதில் சேரவில்லை, ஆனால் விகிதம் மாறாது: வேகம் இரட்டித்தால் அடி நாலு மடங்கு. பார்ஜை இழுத்துவரும் டக் போட்டின் மாஸ்டர் அவசரப்படும் ஜெட்டியில் எந்த சைஸும் போதாது. அதோடு பெரிய ஃபெண்டரோ கெட்டியான ரப்பர் கிரேடோ போட்டால் எதிர்விசை கூடும். எதிர்விசை கூடினால் உரசல் விசையும் கூடும், நான் மேலே சொன்ன 15 டன் 20 ஆகும். சில ஃபெண்டர்களை மட்டும் பெரிதாக மாற்றினீர்கள் என்றால் இன்னும் மோசம், வரிசையில் அவை மட்டும் துருத்திக்கொண்டு எல்லா அடியையும் வாங்கும். மடிப்பில் கிழிகிற ஃபெண்டர்களாக இருந்தால் சைஸ் போதவில்லை என்பதற்கு வாய்ப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அப்போதும் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பியாங்க் (துறைமுகம், நீர்வழிகளுக்கான சர்வதேச அமைப்பு) வெளியிட்ட 2002 வழிகாட்டி இத்தனை நாள் அடிப்படையாக இருந்தது, 2024-ல் அதற்குப் பதிலாகப் புதியது வந்துவிட்டது. கேட்டலாக்கில் உள்ள எண்கள் 23 டிகிரி வெப்பநிலைக்கானவை என்பதும், நம் ஊர் வெயிலில் ரப்பர் இளகி ஆற்றல் வாங்கும் திறன் சற்றுக் குறையும் என்பதும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

பாலியூரிதேன் பூச்சு பற்றி எனக்கு நிறையச் சந்தேகம். நுரை நிரப்பிய மிதவை ஃபெண்டர்களுக்கு நைலான் இழை வைத்து பாலியூரிதேன் தோல் போடுவது நடைமுறையில் உள்ளது, நன்றாகவும் உழைக்கிறது. அங்கே அந்தத் தோல் நுரையோடு சேர்த்தே கட்டப்படுகிறது. வெந்து கெட்டியான பழைய ரப்பரின்மேல், உப்பும் நிலக்கரித் தூளும் ஏறிய பரப்பில், பாதி உயரம் அமுங்கி எழும் உடம்பில் ஒரு பூச்சு எத்தனை நாள் ஒட்டியிருக்கும்? அது நிலைத்து நின்ற இடத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் சப்ளையர் உறுதியாகச் சொன்னால், அதிகம் அடிவாங்கும் ஒரே ஒரு ஃபெண்டருக்கு அவர் செலவில் பூசித் தரட்டும், ஒரு மழைக்காலம் போகட்டும். பழைய கன்வேயர் பெல்ட்டைத் திரைபோலத் தொங்கவிடுவது நிலக்கரி ஜெட்டிகளில் சுலபமாகக் கிடைக்கும் வழி. தேய வேண்டியது பெல்ட், ஃபெண்டர் இல்லை என்ற அளவில் பயன் உண்டு. உராய்வு குறையாது, உள்ளிருக்கும் துணி இழைகள் பிரிந்து தொங்கும், ஆனால் செலவில்லாத தற்காலிக ஏற்பாடு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஃபெண்டருக்குள் போல்ட் அடித்து மாட்டாமல், மேலே ஜெட்டியிலிருந்து தொங்கவிடுங்கள். டீசல், கிரீஸ் வைத்து உராய்வைக் குறைக்கும் வேலை மட்டும் வேண்டாம், இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதிப்போகும். கடலில் கலப்பது தனிக் குற்றம்.

கட்டுக்கயிறு எல்லாவற்றையும்விடச் சாதாரண விஷயம், ஆனால் இரவு ஷிஃப்டில் ஃபெண்டரைத் தின்பது அதுதான். பார்ஜ் எழும்ப எழும்பக் கயிற்றின் இறுக்கம் மாறும், யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தென்கடலில் எங்கோ எழும் புயலின் நீண்ட அலைகள் இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து சேரும், நம் தென்கரையிலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த நாட்களில் பார்ஜை ஜெட்டியில் கட்டி வைத்திருந்தால் ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான உரசல்கள். சரக்கு இறக்கும் அட்டவணை அனுமதித்தால் வெளியே நங்கூரத்தில் நிறுத்துங்கள்.

வாடகைக்குக் காற்றடைத்த மிதவை ஃபெண்டர் வைக்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம். ஐஎஸ்ஓ 17357 (இந்த வகை ஃபெண்டருக்கான சர்வதேசத் தரம்) சான்று உள்ளதா, உள்காற்றழுத்தம் 50 கிலோபாஸ்கல் வகையா 80 வகையா என்று பார்த்து, அதற்கேற்ற காற்று இருக்கிறதா என்று காலைக் குளிரில் அளங்கள், மத்தியான வெயிலில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். பார்ஜில் கூர்முனை இருக்கும் வரை இவற்றைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பின்னால் தட்டையான சுவர் வேண்டும். தூண்கள்மேல் நிற்கும் ஜெட்டி என்றால் இது சரிப்படாது.

வெட்டுப்பட்ட ரப்பரைப் பசை வைத்து ஒட்டலாமா என்பதற்கு என் பதில்: தலையின் ஓரத்தில் தொங்கும் துண்டைச் சீராக அறுத்து எடுத்துவிடலாம், அது மேலும் மாட்டிக் கிழியாமல் இருக்கும். மடிப்பில் விழுந்த கிழிசலுக்கு ஒட்டு நிற்காது, மாற்றத்தான் வேண்டும். இதையெல்லாம் செய்தால் எத்தனை வருடம் வரும் என்று எண் சொல்ல என்னால் முடியாது. ஒரே ஜெட்டியில் பக்கத்துப் பக்கத்து ஃபெண்டர்களே வேறுவேறு ஆயுள் வாழ்கின்றன.

ஃபெண்டர்களுக்கு எண் போட்டு, கடல் பக்கமிருந்து ஒரே கோணத்தில் எடுத்த படங்கள், பார்ஜின் அளவு, நிறைபாரத்திலும் வெறுமையிலும் அதன் ஓரப் பட்டை நிற்கும் உயரம், ஆர்ச்சின் உயரமும் நீளமும், இவ்வளவையும் இங்கேயே போடுங்கள். காயங்களைப் பார்த்தால் மேலே சொன்னதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று இன்னும் திட்டமாகச் சொல்லலாம். அதுவரை இரண்டு சப்ளையர்களுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.